டென்னிஸ் மைக்கி: வெஸ்ட் பாயின்ட்டின் முதல் ஃபுட்பால் பயிற்சியாளர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு டிசம்பரிலும் அமெரிக்கத் தரைப்படைக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் ஃபுட்பாலில் மோதும் ஆர்மி–நேவி ஆட்டம் வரும்போது நாலைந்து நண்பர்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆட்டத்தின் நடுவே யாராவது ஒருவர், "இந்தச் சண்டையை யார் ஆரம்பித்து வைத்தது?" என்று கேட்பார். நான் டென்னிஸ் மைக்கியின் கதையைத் தொடங்குவேன். பாதியில் டச்டவுன் விழும், கதை அங்கேயே நின்றுவிடும். அடுத்த வருடம் அதே கேள்விகள் திரும்ப வரும். அதனால் இதுவரை என்னிடம் கேட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

யாருங்க இந்த மைக்கி? பேரை "மிச்சி"ன்னு படிக்கணுமா?

"மைக்கி" என்றுதான் சொல்கிறார்கள். முழுப்பெயர் டென்னிஸ் மேஹன் மைக்கி. 1870 ஏப்ரல் 10 அன்று நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயின்ட்டிலேயே பிறந்தவர். அமெரிக்கத் தரைப்படைக்கு அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரி இருக்கும் இடம் அது. ஹட்சன் ஆற்றுக்கு மேலே, பாறைகளின் மீது கட்டப்பட்ட ஊர். அவருடைய அப்பா பீட்டர் ஸ்மித் மைக்கி ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் பொறியாளராகப் பணியாற்றி, பிறகு வெஸ்ட் பாயின்ட்டில் பேராசிரியராகி, 1901இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தவர். ஆக, சிறுவன் மைக்கி விளையாடி வளர்ந்த முற்றமே ராணுவக் கல்லூரிதான்.

அவர் 1892இல் பட்டம் பெற்றுக் காலாட்படை அதிகாரி ஆனார். வெஸ்ட் பாயின்ட்டின் முதல் ஃபுட்பால் அணியைத் திரட்டியவர், அதன் முதல் கேப்டன், முதல் பயிற்சியாளர், மூன்றும் இவரே. 28 வயதில் கியூபாவில் போரில் இறந்தார்.

நடுப்பெயர் "மேஹன்" எங்கிருந்து வந்தது?

டென்னிஸ் ஹார்ட் மேஹன் என்பவர் வெஸ்ட் பாயின்ட்டின் புகழ்பெற்ற பேராசிரியர். உள்நாட்டுப் போரில் இரண்டு பக்கமும் நின்ற தளபதிகளில் பலர் அவரிடம் படித்தவர்கள். பீட்டர் மைக்கி தன் மகனுக்கு அவர் பெயரை வைத்தார்.

அந்தப் பேராசிரியரின் சொந்த மகன் ஆல்ஃபிரட் தேயர் மேஹன், கடற்படை வியூகத்தைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றவர். அதாவது கடற்படையை எதிர்த்து ஆட முதல் தரைப்படை அணியைத் திரட்டியவர், கடற்படையின் மிகப் பெரிய சிந்தனையாளருடைய தந்தையின் பெயரைச் சுமந்தவர். இதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது.

ஃபுட்பால்னா நம்ம கால்பந்தா? இல்ல இப்ப டிவியில ஹெல்மெட் போட்டு மோதுறாங்களே, அதுவா?

இரண்டாவதன் மூதாதை. ஆனால் இன்று டிவியில் பார்ப்பதை மனதில் வைத்துக்கொண்டு 1890ஐக் கற்பனை செய்தால் ஏமாந்துபோவீர்கள். அன்று ஹெல்மெட் கிடையாது. பந்தை முன்னோக்கி எறியக் கூடாது, அந்த அனுமதி 1906இல்தான் வந்தது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, இல்லையென்றால் உதைப்பது, அவ்வளவுதான். மூன்று முயற்சிகளுக்குள் 5 யார்டு முன்னேற வேண்டும், தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். மைதானத்தின் நீளம் 110 யார்டு. தலா 45 நிமிடத்தில் இரண்டு பாதிகள்.

புள்ளிக் கணக்கும் வேறு. பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவதுதான் டச்டவுன். அதற்கு 4 புள்ளி, அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 2, ஆட்டத்தின் போக்கில் உதைத்து அடிக்கும் ஃபீல்டு கோலுக்கு 5. கீழே வரும் ஸ்கோர்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கணக்கைப் போட்டால் குழம்பும்.

அப்ப 1890க்கு முன்னாடி வெஸ்ட் பாயின்ட்ல ஃபுட்பாலே கிடையாதா?

கேடட்கள், அதாவது ராணுவக் கல்லூரி மாணவர்கள், தங்களுக்குள் பந்தை உதைத்து விளையாடியிருப்பார்கள். ஆனால் கல்லூரியின் பெயரில் வெளியாரோடு மோதிய அணி இல்லை. யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் எல்லாம் பல ஆண்டுகளாக ஆடிக்கொண்டிருந்த காலம் அது. அனாபொலிஸில் இருக்கும் கடற்படைக் கல்லூரிகூட 1879லேயே ஒரு ஆட்டம் ஆடி, 1882 முதல் ஆண்டுதோறும் ஆடி வந்தது.

வெஸ்ட் பாயின்ட் தயங்கியதற்குக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். கேடட்டின் நாள் விடியலில் முரசோடு தொடங்கி இரவு வரை மணிக்கணக்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. பாடம், அணிவகுப்பு, மறுபடி பாடம். வெளியூர்ப் போட்டி என்பது அந்த ஒழுங்கில் ஓட்டை போடுகிற காரியமாகத் தெரிந்திருக்கும்.

சவால் விட்டது கடற்படைதானே? அதுல மைக்கிக்கு என்ன பெருமை?

காகிதத்தில் பார்த்தால் கடற்படை சவால் விட்டது, தரைப்படை ஏற்றது. ஆனால் அந்தச் சவாலை வரவழைத்ததே மைக்கி என்றுதான் வெஸ்ட் பாயின்ட் வரலாற்றில் சொல்லப்படுகிறது. "எங்களுக்கு ஒரு அணி வேண்டும்" என்று கேட்டால் அனுமதி கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். "கடற்படை நம்மை அழைக்கிறது, மறுத்தால் நம் மானம் என்னாவது?" என்று கேட்டால் எந்த ராணுவ அதிகாரியால் முடியாது என்று சொல்ல முடியும்? இருபது வயது மாணவன் தன் மேலதிகாரிகளின் மனதை இவ்வளவு சரியாக எடைபோட்டது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அப்பா புரொஃபசர். அப்ப சிபாரிசுலதானே காரியம் நடந்திருக்கு?

அப்பாவின் செல்வாக்கு உதவியது, மறைக்க வேண்டியதில்லை. பீட்டர் மைக்கி கல்லூரியின் கல்விக் குழுவில் இருந்தவர். அப்போது கல்லூரியின் தலைமைப் பொறுப்பில், கண்காணிப்பாளராக இருந்த கர்னல் ஜான் வில்சனிடம் அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருந்தது. வேறு ஒரு கேடட் போய் நின்றிருந்தால் கதவே திறந்திருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் அப்பா வாங்கித் தந்தது ஒரே ஒரு ஆட்டத்துக்கான அனுமதி. மைதானத்தில் நிற்க பதினொரு பேர் வேண்டுமே? அவர்களுக்கு விதிகள் தெரிய வேண்டுமே? அது மகனின் வேலை. சிபாரிசு அனுமதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு உழைப்பு.

பணம் எங்கேர்ந்து வந்துச்சு? ராணுவம் கொடுத்ததா?

இல்லை, மாணவர்களே போட்டார்கள். கடற்படை அணி அனாபொலிஸிலிருந்து வந்து போகும் செலவில் பாதியைத் தரைப்படை ஏற்க வேண்டும் என்று ஏற்பாடு. அப்போது கல்லூரியில் இருந்த 271 கேடட்களும் ஆளுக்கு 52 சென்ட் கொடுத்தார்கள். பெருக்கிப் பாருங்கள், 140 டாலர் 92 சென்ட் வரும்.

இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. பந்தைத் தொடாதவனும் தன் பங்கைக் கொடுத்துவிட்டான், அன்றிலிருந்து அது எல்லோருடைய அணியாகிவிட்டது. இன்றும் ஆர்மி–நேவி ஆட்டத்துக்கு மாணவர் படை மொத்தமும் அணிவகுத்து மைதானத்துக்குள் வரும்போது எனக்கு அந்த 52 சென்ட்தான் ஞாபகம் வரும்.

முதல் ஆட்டத்துல ஜெயிச்சாங்களா?

இல்லை, நன்றாகத் தோற்றார்கள். 1890 நவம்பர் 29, சனிக்கிழமை. இடம் வெஸ்ட் பாயின்ட்டின் அணிவகுப்புத் திடல். 'தி ப்ளெயின்' என்பார்கள் அதை. கடற்படை 24, தரைப்படை 0. கடற்படையின் கேப்டன், 'ரெட்' என்று அழைக்கப்பட்ட சார்லஸ் எம்ரிக், மட்டும் நான்கு டச்டவுன் போட்டு, இரண்டு முறை கம்பங்களுக்கு நடுவே உதைத்தார். மேலே சொன்ன புள்ளி முறைப்படி அவர் கணக்கில் மட்டும் 20. இன்னொருவர் போட்ட டச்டவுன் மீதி 4.

தோல்வியில் அதிசயம் ஒன்றுமில்லை. கடற்படை அந்த சீசனிலேயே பல ஆட்டங்கள் ஆடிப் பழகி வந்திருந்தது. தரைப்படைக்கோ வாழ்க்கையிலேயே அதுதான் முதல் ஆட்டம், அந்த ஆண்டின் ஒரே ஆட்டமும் அதுதான். அணியில் முன்பு முறையாக ஃபுட்பால் ஆடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளிக் காலத்தில் ஆட்டத்தைக் கற்று வந்த மைக்கி அவர்களில் ஒருவர்.

ஆடுறவரே எப்படி கோச்? அதெல்லாம் கணக்குல சேருமா?

நேர்மையான சந்தேகம். இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் மைக்கியைப் பற்றிய குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

'கோச்' என்றதும் நமக்குக் கண்ணில் தெரிவது கோட்டுக்கு வெளியே காதில் ஹெட்செட்டோடு நிற்கும், சம்பளம் வாங்கும் ஆள். 1890இல் பெரும்பாலான கல்லூரிகளில் அப்படி ஒருவர் கிடையாது. அணியை நடத்துவது கேப்டன். யாரை எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த ஆட்டம் ஆடுவது, எந்த சங்கேதச் சொல்லுக்கு யார் எந்தப் பக்கம் ஓடுவது, எல்லாமே அவன் பொறுப்பு. ஆட்டத்தின் விதிகளை வடிவமைத்த வால்டர் கேம்ப் போன்றவர்கள் யேலில் ஆலோசகராக இருந்து வழிகாட்டினார்கள்தான். ஆனால் களத்துக்குள் கேப்டன் சொல்வதுதான் சட்டம். எங்கே கேப்டனுக்கு மட்டும் ஆட்டம் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியவில்லையோ, அங்கே அவனே ஆசிரியராகவும் ஆகிவிட்டான். வெஸ்ட் பாயின்ட்டில் நடந்தது அதுதான்.

அவருக்குக் கிடைத்த நேரத்தையும் நினைத்துப் பாருங்கள். அணிவகுப்பு நேரத்தையோ வகுப்பு நேரத்தையோ யாரும் விட்டுத்தரவில்லை. மிஞ்சிய துண்டு துண்டான பொழுதில், கேள்விப்பட்டே இராத ஒரு ஆட்டத்தின் விதிகளைச் சொல்லிக்கொடுத்து, விழக் கற்றுக்கொடுத்து, மோதக் கற்றுக்கொடுத்து, நவம்பருக்குள் களமிறக்க வேண்டும். 24–0 என்று தோற்ற அணியை நான் அந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறேன். அவர்கள் இறுதிவரை நின்று ஆடினார்கள்.

1891ல திரும்ப ஆடி ஜெயிச்சாங்களே, அதுவும் மைக்கி கோச்சிங்கா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். 1891 அணியின் கேப்டன் மைக்கி. பயிற்சியாளராகப் பதிவாகியிருப்பவர் ஹென்றி வில்லியம்ஸ். யேலில் ஆடி, அப்போதுதான் பட்டம் பெற்று, பக்கத்து ஊரான நியூபர்கில் ஆசிரியராக வேலை பார்த்தவர். பின்னாளில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1900 முதல் 1921 வரை பயிற்சியாளராக இருந்து பெரும் பெயர் பெற்றவரும் இவரே.

அந்த ஆண்டு தரைப்படை ஆறு ஆட்டம் ஆடி நான்கில் வென்றது, ஒன்றில் தோற்றது, ஒன்று சமன். கடைசி ஆட்டம் நவம்பர் 28 அன்று அனாபொலிஸில், கடற்படையின் சொந்த மண்ணில். தரைப்படை 32, கடற்படை 16. ஒரே வருடத்தில் 24–0 தோல்வி இப்படித் திரும்பியது.

வெளியிலிருந்து அனுபவசாலி ஒருவரை உள்ளே விட்டு, தான் கேப்டனாக மட்டும் நின்றது மைக்கியின் பெருந்தன்மை என்று நான் நினைக்கிறேன். 1890இல் தனக்கு எவ்வளவு தெரியாது என்பதை அந்தத் தோல்வியிலேயே அவர் கற்றிருக்க வேண்டும்.

அப்ப "ராணுவ அதிகாரி கோச்"னு சொல்றது எந்த வருஷத்துக்குப் பொருந்தும்?

1892க்கு. 1890இல் அவர் இன்னும் மாணவர். 1892 கோடையில் பட்டம் பெற்று அதிகாரியானார். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் தரைப்படை அணியின் பயிற்சியாளர் என்று மறுபடியும் அவர் பெயரே பதிவாகியிருக்கிறது. மூன்று வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். அந்த ஒரே தோல்வி கடற்படையிடம், வெஸ்ட் பாயின்ட்டிலேயே, 12–4.

எனவே பயிற்சியாளராக அவருடைய மொத்தக் கணக்கு, 1890ஐயும் 1892ஐயும் சேர்த்து, மூன்று வெற்றி, இரண்டு தோல்வி, ஒரு சமன். 1891இன் வெற்றிகளை இதில் சேர்க்கக் கூடாது. காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

வெறும் மூணு வெற்றி. இதுக்கா ஒரு ஸ்டேடியத்துக்கே பேர் வெச்சாங்க?

வெற்றிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவருக்குப் பின் வந்தவர்களில் நூற்றுக்கும் மேல் வென்றவரும் உண்டு. ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இருந்த ஒரு அணிக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர்கள். மைக்கி வந்தபோது அணி இல்லை, அனுமதி இல்லை, பணம் இல்லை, ஆடத் தெரிந்த ஆட்கள் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் இவை நான்கும் இருந்தன, கடற்படையை அதன் சொந்த மண்ணில் வென்ற சாதனையும் இருந்தது. நட்டவருக்கும் பறித்தவருக்கும் ஒரே தராசு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், அவர் எப்படி இறந்தார் என்பதும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம். அது கீழே வருகிறது.

அந்தக் காலத்து ஆட்டம் அவ்வளவு ஆபத்தானதா?

ஆமாம். மோதலைத் தாங்க உடலில் பாதுகாப்பு எதுவும் இல்லை. 1892இல் ஹார்வர்ட் அணி 'பறக்கும் ஆப்பு' என்ற வியூகத்தைக் கொண்டுவந்தது. வீரர்கள் ஆப்பு வடிவில் சேர்ந்து தூரத்திலிருந்தே வேகமெடுத்து ஓடிவந்து எதிரணியின் ஒரே ஒரு ஆளின் மீது மோதுவார்கள். இரண்டு ஆண்டில் அதைத் தடை செய்யவேண்டி வந்தது.

கடற்படை அணியில் ஜோசஃப் ரீவ்ஸ் என்ற வீரர் இருந்தார். தலையில் இன்னொரு உதை பட்டால் புத்தி பேதலித்துவிடும் அல்லது உயிரே போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். 1893 ஆட்டத்தை விட மனமில்லாமல், அனாபொலிஸில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தோலில் தலைக்கவசம் செய்து வாங்கி அணிந்துகொண்டு இறங்கினார். ஃபுட்பாலில் அணியப்பட்ட முதல் ஹெல்மெட் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்த ரீவ்ஸ் பின்னாளில் கடற்படை அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார், அதன்பின் அமெரிக்கக் கடற்படைத் தொகுதி முழுவதற்கும் தலைமைத் தளபதியாகவும் உயர்ந்தார்.

நாலு வருஷம் ஆடிட்டு ஏன் நிறுத்திட்டாங்க?

1893 ஆட்டம் அனாபொலிஸில் நடந்தது, கடற்படை 6–4 என்று வென்றது. களத்தில் இருந்த சூட்டைவிடப் பார்வையாளர்களிடம் இருந்த சூடு அதிகம். ஒரு ரியர் அட்மிரலும் ஒரு பிரிகேடியர் ஜெனரலும் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசி, வாக்குவாதம் முற்றி, துப்பாக்கிச் சண்டைக்கே நாள் குறிக்கும் அளவுக்குப் போனதாக ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது.

விவகாரம் அதிபர் கிளீவ்லண்டின் அமைச்சரவை வரை சென்றது. 1894இல் தரைப்படையைக் கவனித்த போர்த்துறையும் கடற்படைத் துறையும் உத்தரவு போட்டன. மற்றக் கல்லூரிகள் வெஸ்ட் பாயின்ட்டுக்கோ அனாபொலிஸுக்கோ வந்து ஆடலாம், இந்த இரண்டு அணிகளும் தங்கள் இடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இருவரில் ஒருவர் பயணம் செய்யாமல் ஆர்மி–நேவி ஆட்டம் எப்படி நடக்கும்? அப்படியே நின்றுபோனது. 1894 முதல் 1898 வரை ஐந்து ஆண்டு ஆட்டம் இல்லை.

மைக்கி எப்படி இறந்தார்?

1898இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. கியூபாவில் சாண்டியாகோ நகரைப் பிடிக்க அமெரிக்கப் படை இறங்கியது. ஜூலை 1 அன்று எல் கேனியிலும் சான் ஹுவான் குன்றுகளிலும் ஒரே நாளில் கடும் சண்டை. கொளுத்தும் வெயிலில், காட்டுப் பாதைகளில் நெருக்கியடித்து முன்னேறி, ஆற்றைக் கடந்து, மேட்டிலிருந்து வரும் குண்டுகளுக்கு நேராக ஏறவேண்டிய நிலை. அமெரிக்கத் தரப்பில் மட்டும் அன்று இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சான் ஹுவானில் விழுந்தவர்களில் டென்னிஸ் மைக்கியும் ஒருவர். வயது 28. பட்டம் பெற்று ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அவர் உயிரோடு இருந்த கடைசி நான்கு ஆண்டுகளும் அவர் தொடங்கிவைத்த ஆட்டம் தடையில் இருந்தது. அது மறுபடி தொடங்கியது 1899 டிசம்பர் 2 அன்று, ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் ஃபீல்டில். தரைப்படை 17–5 என்று வென்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கடற்படை பக்கத்துலயும் இதே மாதிரி ஒருத்தர் உண்டாமே?

உண்டு. வொர்த் பேக்லி. 1890களின் தொடக்கத்தில் கடற்படை அணிக்கு ஆடியவர். டார்பிடோ படகான வின்ஸ்லோவில் இளம் அதிகாரியாக இருந்தபோது, 1898 மே 11 அன்று கியூபாவின் கார்டெனாஸ் துறைமுகத்தில் நடந்த சண்டையில் இறந்தார். வயது 24. அந்தப் போரில் சண்டையில் உயிரிழந்த ஒரே அமெரிக்கக் கடற்படை அதிகாரி அவர்.

இரண்டு மாதம்கூட இடைவெளி இல்லை. எதிரெதிர்ச் சட்டை அணிந்து ஆடிய இரண்டு அணிகளின் இரண்டு இளைஞர்கள், ஒரே தீவு. இன்று ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் சேர்ந்து நின்று இரண்டு கல்லூரிகளின் பாடல்களையும் பாடுவார்கள், முதலில் தோற்றவர்களுக்கு, பிறகு வென்றவர்களுக்கு. "அது சும்மா சடங்குதானே" என்று ஒரு நண்பர் சொன்னார். இந்த இருவரையும் பற்றி அவருக்குச் சொன்னேன். அதன்பின் அவரும் அந்த நேரத்தில் எழுந்து நிற்கிறார்.

தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொன்னீங்களே?

இருக்கிறது. 1897இல் அவர் கடற்படைத் துறையின் துணைச் செயலர். அந்த ஆகஸ்டில் போர்த்துறைச் செயலர் ரஸ்ஸல் ஆல்ஜருக்குக் கடிதம் எழுதி, நின்றுபோன ஆட்டத்தை மீண்டும் நடத்த வேண்டும் என்று கேட்டார். அடுத்த ஆண்டு வேலையை விட்டுத் தன்னார்வக் குதிரைப்படையோடு கியூபா போனார். மைக்கி இறந்த அதே ஜூலை 1 அன்று, அதே குன்றுகளில் ரூஸ்வெல்ட்டும் சண்டையிட்டார்.

அதிபரான பிறகு 1905இல் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தின் முரட்டுத்தனத்தைக் குறைக்கச் சொன்னவரும் இவரே.

மைக்கி ஸ்டேடியம் எப்ப கட்டினாங்க?

1924இல். முதல் ஆட்டம் அக்டோபர் 4 அன்று, செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக. தரைப்படை 17–0 என்று வென்றது. வெஸ்ட் பாயின்ட்டிலேயே, லஸ்க் நீர்த்தேக்கத்தின் கரையில், மலை மேல் இருக்கிறது. அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது பார்க்க வேண்டிய இடம்.

மைக்கியைத் தவிர வேற ராணுவ அதிகாரிங்க யாராவது கோச்சா இருந்திருக்காங்களா?

நிறைய பேர். சார்லஸ் டேலி முதலில் ஹார்வர்டுக்கும் பிறகு வெஸ்ட் பாயின்ட்டுக்கும் ஆடி, 1913 முதல் 1916 வரையும் 1919 முதல் 1922 வரையும் தரைப்படை அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். டுவைட் ஐசனோவர் கேடட்டாக ஆடி, 1912இல் முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். 1916இல் டெக்சஸின் சான் அன்டோனியோவில் இளம் அதிகாரியாக இருந்தபோது, அங்கிருந்த செயின்ட் லூயிஸ் கல்லூரி அணிக்குப் பயிற்சி அளித்தார். பிறகு அமெரிக்காவின் அதிபரே ஆனார்.

ராபர்ட் நேலண்ட் கொஞ்சம் பிந்தியவர். 1926இல் டென்னஸி பல்கலைக்கழகத்தில் தொடங்கி மொத்தம் 173 ஆட்டங்கள் வென்றார். 1939 சீசனின் வழக்கமான ஆட்டங்களில் அவருடைய அணிக்கு எதிராக ஒரு புள்ளிகூட யாராலும் எடுக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் சீனா–பர்மா–இந்தியா போர்முனையில், கல்கத்தா துறைமுகம் வழியாகச் சரக்குகளை அனுப்பும் பொறுப்பில் இருந்தவர் அவர்.

பயிற்சியாளர் அல்லாத ஒருவரையும் இங்கே சேர்க்க விரும்புகிறேன். வெஸ்ட் பாயின்ட் அதிகாரி பால்மர் பியர்ஸ். இன்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு 1906இல் வேறு பெயரில் உருவானபோது அதன் முதல் தலைவர். மைக்கி ஆட்டத்தை உள்ளே கொண்டுவந்தார், பியர்ஸ் அது ஆட்களைக் கொல்லாமல் இருக்க விதிகளுக்காகப் போராடினார்.

இவ்வளவு அடிதடியான ஆட்டத்தை மாணவர்களிடம் கொண்டுவந்தவரைக் கொண்டாடுவது சரியா?

இதைக் கேட்டவர் ஒரு தாய். அவருடைய மகன் உயர்நிலைப் பள்ளி அணியில் சேர விரும்பினான். அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். 1909 அக்டோபர் 30 அன்று வெஸ்ட் பாயின்ட்டில் ஹார்வர்டுக்கு எதிரான ஆட்டத்தில் யூஜீன் பைர்ன் என்ற கேடட் படுகாயமடைந்து இறந்துபோனார். தரைப்படை அந்த சீசனின் மீதி ஆட்டங்களை, கடற்படையுடனான ஆட்டம் உட்பட, ரத்து செய்தது. மைக்கி தொடங்கிய அணியில்தான் அந்தப் பையன் ஆடினான். இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்ல வேண்டும்.

மைக்கி ஆடிய காலத்தில் மூளை அதிர்ச்சியைப் பற்றி இன்று தெரிந்தது எதுவும் தெரியாது. தெரிந்த நாமும் ஆடவிடுகிறோம், பார்க்கிறோம். நான் ஆட்டத்தை நேசிக்கிறேன், ஆனால் அந்தத் தாயிடம் "பயப்படாதீங்க" என்று சொல்ல என்னால் முடியவில்லை. பள்ளியில் தலை அடிபட்டால் என்ன நடைமுறை, மருத்துவர் யார், எத்தனை நாள் ஓய்வு என்று முதலில் கேளுங்கள் என்றுதான் சொன்னேன்.

அவர் கல்லறை எங்கே இருக்கு? போய்ப் பார்க்க முடியுமா?

வெஸ்ட் பாயின்ட் கல்லறைத் தோட்டத்தில். பிறந்த இடத்துக்கே திரும்பி வந்துவிட்டார். கல்லூரி இன்றும் இயங்கும் ராணுவ வளாகம் என்பதால் நினைத்தபடி உள்ளே போக முடியாது. பார்வையாளர் மையத்தில் அடையாள அட்டையைக் காட்டி அனுமதி பெற வேண்டும். கிளம்பும் முன் அன்றைய விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முதலில் ப்ளெயின் திடலைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கல்லறைக்குப் போங்கள்.